திரையில் சூரியன்: சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

சூரியனைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஸ்டெல்லேரியம் (வானத்தைத் திரையில் காட்டுவது), ஹீலியோவியூவர் (சூரியப் படங்களைக் காட்டுவது), ஜிகாம்ப்ரி (சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பு) என்று அருமையான திறந்த மூல மென்பொருள்கள் கிடைக்கின்றன. காசு செலவில்லை. ஆனால் திரையில் தெரிவதை வெளியே இருக்கும் வெயிலோடு சேர்த்துக் காட்டாவிட்டால், பிள்ளை மனதில் தப்பான சூரியன் பதிந்துவிடும்.

முதலில் நிறம். ஹீலியோவியூவரில் சூரியனை ஆராயும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் எடுக்கும் படங்களைப் பார்க்கலாம். 171 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) படம் பொன்னிறம், 304 சிவப்பு, 94 பச்சை. இதெல்லாம் நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிரில் எடுத்தவை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய விஞ்ஞானிகள் கொடுத்த நிறங்கள். இதைச் சொல்லாமல் காட்டினால் பிள்ளை பச்சைச் சூரியனை நிஜம் என்றே நம்பும். சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளியும் அப்படித்தான். அது ஓட்டை இல்லை, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடு குறைந்த பகுதி. அதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் கொடைக்கானலை விட்டுவிடாதீர்கள். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் ஆய்வகம் அது. கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். மதுரைப் பிள்ளைக்கு நாசா படத்தைவிட இது நெருக்கமாக இருக்கும்.

அடுத்தது, ஸ்டெல்லேரியத்தில் ஊரைச் சரிபார்க்காமல் பாடத்தைத் தொடங்குவது. வேறு ஊர் பதிவாகியிருந்தால் சூரியன் உதிக்கும் நேரம் முதல் எல்லாமே மாறிவிடும். மதுரைக்கு அட்சரேகை 9.9 வடக்கு, தீர்க்கரேகை 78.1 கிழக்கு. சரியா என்று பார்க்க நம் ஊரிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வரும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல, சுமார் 12.17-க்கு. நம் கடிகார நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கானது, மதுரை அதற்கு மேற்கே இருக்கிறது. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்தினால் நிழல் விழாது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் இதே போல் ஒரு நாள் வரும். திரையில் சூரியன் உச்சியில் நிற்கும்போது வெளியே நிழலும் மறைந்தால், பிள்ளைகளுக்கு அந்த மென்பொருள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அப்புறம், "வெளியே போய்ப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. பிள்ளை நிமிர்ந்து சூரியனையே பார்க்கும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் பாதுகாப்பு இல்லை. நிழலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும்.

சன்பை போன்றவை ஆய்வாளர்கள் பைத்தான் என்ற கணினி மொழியில் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகள். ஆசிரியர் படம் தயாரிக்க உதவும், பிள்ளைகளுக்கு வேண்டாம். இரண்டிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்களுக்கு ஜிகாம்ப்ரி போதும். அதை முன்கூட்டியே நிறுவச் சொல்லுங்கள். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். உசிலம்பட்டிப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீட்டிலும் பாடம் நிற்காது. பதிவிறக்கம் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இருக்கட்டும். ஸ்டெல்லேரியத்தின் கணினிப் பதிப்பு முழுக்க இலவசம். கைபேசியில் காசு கேட்கும் பிளஸ் பதிப்பும் உண்டு. பெற்றோரிடம் அதை வாங்கச் சொல்லவே வேண்டாம்.