எச்சில் கிட் வாங்கினால் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வையுங்கள்

என் மாமியாருக்கு எண்பது நெருங்குகிறது. மூக்கில் குச்சி என்றாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதனால் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் அவருக்கு இருமல் வந்தால், கோவிட்டா என்று பார்க்க எச்சில் கிட்தான். 2021 ஜூலையில் மலேசியாவில் வீட்டுக் கோவிட் சோதனைக்கு முதலில் அனுமதி கிடைத்த இரண்டு கிட்களிலுமே எச்சிலைக் கொண்டு பார்க்கலாம். அப்போது ஒன்று 39.90 ரிங்கிட். அந்த விலையில் வாங்கிய முதல் கிட்டைப் பாழாக்கியது நான்தான்.

அத்தை பசியாறிவிட்டு வெற்றிலை போட்டிருந்தார். கவனிக்காமல், "இதுல துப்புங்க அத்தை" என்று புனலை நீட்டினேன். துப்பினார். குழாய் செக்கச்செவேல் என்று ஆனது. பட்டையில் சொட்டுவிட்டதும் ஜன்னல் முழுக்கச் சிவந்து, கோடு எங்கே, கறை எங்கே என்றே தெரியவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சோதனை என்றால் விடிகாலைதான். எழுந்ததும், பல் துலக்குமுன், கோப்பிக்கு முன். அந்த நேரம் தவறிவிட்டால் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது; தண்ணீர், சிகரெட், சூயிங்கம் எதுவும். வெற்றிலைக்காரர்களுக்கு அரை மணி போதாது, சாயம் நாக்கிலேயே இருக்கும். முந்தின இரவே பெட்டியை எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை நுரை. அவசரப்பட்டுத் துப்பினால் வருவதில் பாதி நுரைதான், அது கணக்கில் சேராது. உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் சாய்த்து, நாக்கின் அடியில் ஊற விட்டு, மெல்ல வழிய விடவேண்டும். வயதானவர்களுக்கு வாய் காய்ந்திருக்கும். பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஊறுகாய்ப் புட்டியைத் திறந்து மூக்கருகில் காட்டுவேன். பார்க்க மட்டும், தின்னக் கூடாது! அத்தைக்கு உடனே ஊறிவிடும். சில கிட்களில் தொண்டையிலிருந்து காறி எடுக்கச் சொல்லியிருப்பார்கள், தாளைப் படித்துக்கொள்ளுங்கள். எச்சில் குழாயில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் வந்ததும் கிட்டிலுள்ள மருந்துத் தண்ணீரை ஊற்றி, மூடி, நூல் போல இழுபடுவது கரையும்வரை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். கெட்டியாகவே விட்டால் பட்டையில் ஏறாது, சோதனை சரியாக ஓடியதைக் காட்டும் சி கோடு வராது. சி கோடு இல்லாத கிட் செல்லாது. சொட்டு எத்தனை, நிமிடம் எத்தனை என்பது தாளில் இருக்கும். நேரம் கடந்து தெரியும் கோட்டை நம்பாதீர்கள்.

ஃபார்மசியில் இப்போது கோவிட், இன்ஃப்ளுவென்சா, ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸ் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கிட்களும் கிடைக்கின்றன. பெரும்பாலும் மூக்குக்கானவை. மூக்குக் கிட்டில் எச்சிலை விடாதீர்கள், ஒன்றுக்குச் செய்தது மற்றதற்கு ஒத்துவராது. இந்தக் குச்சி கிளினிக்கில் விடுவது போல ஆழத்துக்குப் போவதில்லை. பெரியவர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் போதும். முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, உள்சுவரில் படும்படி ஒவ்வொரு துளையிலும் ஐந்து சுற்று. குச்சியை அத்தை கையிலேயே கொடுத்தேன், கண்ணாடி முன் நின்று தானே சுற்றிக்கொண்டார். இத்தனை நாள் பயந்தது குச்சிக்கு இல்லை, என் கைக்குத்தான் போல!

கிட்டைக் காரில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று பெட்டியிலேயே இருக்கும், பினாங்கு வெயிலில் டேஷ்போர்டு என்ன ஆகும் என்று தெரியுமே.

நெகடிவ் வந்தால் உடனே நிம்மதி வேண்டாம். எச்சில் சோதனை எல்லாம் ஒன்றல்ல. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற யேல் பல்கலைக்கழகத்தின் எச்சில் முறை பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை. வைரஸ் கொஞ்சம்தான் இருந்தாலும் அதன் மரபணுவைப் பெருக்கிக் காட்டிவிடும். வீட்டுக் கிட் பெருக்காது. காய்ச்சலோ இருமலோ இருந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று பாருங்கள். மூச்சு வாங்கினால் கிட்டைப் பிரித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.