மாமல்லபுரம்: ஒரு நாள் பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பி, உச்சி வெயிலில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் படம் எடுத்து, மீன் வறுவலோடு திரும்புவதுதான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம். நேரமும் தப்பு, வரிசையும் தப்பு.

சிற்பம் எந்தத் திசை பார்க்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அர்ஜுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை எட்டு மணிக்குள் போனால் சாய்வெயிலில் யானையின் தும்பிக்கை வரை எழுந்து நிற்கும். பிற்பகலில் நிழல் விழுந்து எல்லாம் தட்டையாகிவிடும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை, நகுல சகாதேவ ரதம் மட்டும் தெற்கு. அங்கே நாலு மணிக்கு மேல்தான் அழகு. கடற்கரைக் கோயிலுக்கு வாங்கும் டிக்கெட்டே ரதங்களுக்கும் செல்லும். வெளியே வந்ததும் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பவர்கள் நிறைய.

அடுத்தது, பாதியில் நின்ற வேலையைக் குறை என்று ஒதுக்குவது. ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. கூட்டமே இருக்காது. மேல்தளங்கள் செதுக்கி முடிந்திருக்க, கீழே வெறும் பாறை. சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வேலை செய்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்திலேயே உள்ள பஞ்சபாண்டவர் மண்டபத்தில் உள்ளே எட்டிப் பாருங்கள். பாறையைக் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டிப் பிரித்து, நடுவில் நிற்கும் துண்டுகளை உடைத்து எடுத்திருக்கிறார்கள். பாதி உடைத்த கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

குன்றின் மேல் செருப்பில்லாமல் மதியம் ஏறாதீர்கள், கருங்கல் சுடும். விரைவுப் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் பூஞ்சேரி கூட்டுரோட்டிலேயே இறக்கிவிடும், அங்கிருந்து ஆட்டோதான்.

வடக்கே 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்த்த கையோடு வண்டியைத் திருப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. (அது குகையுமில்லை, அங்கே புலியுமில்லை, ஒரு மாடத்தைச் சுற்றி 11 யாளித் தலைகள்.) அதே வளாகத்தில் கொஞ்சம் வடக்கே நடந்தால் அதிரணசண்ட மண்டபம். ஒரே சமஸ்கிருதச் சுலோகங்களை எதிரெதிர்ச் சுவர்களில் பல்லவ கிரந்த எழுத்திலும் நாகரி எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். அருகிலேயே முருகன் கோயில் அடித்தளம். 2004 சுனாமி மணலை அரித்ததில் ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட, அந்தத் தடம் பிடித்துத் தோண்டியபோது கிடைத்தது இது. செங்கல் கட்டுமானம், வடக்கு பார்த்த கோயில்.

இங்கே கடற்கரை வெறிச்சோடி இருக்கும், குளிக்கத் தோன்றும். வேண்டாம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பட்டைதான் கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி, ஆளை இழுத்துவிடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.