காற்று மாசை அளக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

காற்று மாசை அளக்கும் கையடக்க அளவியோடு என்னிடம் பழக வரும் இளையவர்கள், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளையே மறுபடியும் செய்கிறார்கள். மின்கலம் தீர்ந்தது, விசிறியில் தூசி அடைத்தது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும்.

விடியற்காலை அளவீட்டை அப்படியே பரப்புவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். திருகோணமலையில் டச்பே கடற்கரையோரத்து வீட்டு மாடியில் ஒரு தம்பி அளவியை வைத்தார். விடியற்காலையில் பீ.எம். 2.5 என்னும் நுண்துணிக்கை அளவு கன மீற்றருக்கு 80 மைக்கிரோகிராமைத் தாண்டியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அந்தத் தெருவில் தொய்வு வருத்தம் உள்ள அம்மம்மா ஒருவர் இருந்தார். வீட்டார் பயந்து கதவு, ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டு, உள்ளே விறகடுப்பை மூட்டிச் சமைத்தார்கள். அடைபட்ட குசினியில் விறகுப் புகை, கன மீற்றருக்கு நூற்றுக்கணக்கான மைக்கிரோகிராமை எளிதில் எட்டும். வெளியே இல்லாத புகைக்குப் பயந்து, உள்ளே இருந்த புகையை அவர் சுவாசித்தார். பொழுது ஏறுமுன் இழுப்புக் கூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது.

சிறிய அளவிகள் துணிக்கையை நிறுப்பதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையைக் கணிக்கின்றன. நம் ஊர்க் காற்றில் கடலுப்பு கலந்திருக்கிறது. சாரீரப்பதன், அதாவது காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் இருக்கும் பங்கு, ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் உப்பு நீரை உறிஞ்சி, துளியாகப் பருக்கும். பருத்த துளி ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்க, அளவி அந்தத் தண்ணீரையும் மாசாகக் கணக்கிடுகிறது. தரமான நிலையங்களில் காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறார்கள், அல்லது துணிக்கை படிந்த வடிதாளைக் கட்டுப்படுத்திய ஈரப்பதனில் வைத்து நிறுக்கிறார்கள். உங்கள் பெட்டிக்குள் அந்த வசதி கிடையாது.

ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் சாரீரப்பதனை எழுதுங்கள். விடியலில் ஏறி, வெயில் வந்து ஈரம் இறங்க இறங்கத் தானும் இறங்கும் எண்ணைச் சந்தேகியுங்கள். பக்கத்து வளவில் குப்பை எரித்தால் எண் சடுதியாக ஏறிச் சடுதியாக இறங்கும். இரண்டின் வரைபையும் ஒருமுறை பார்த்தால் வேறுபாடு விளங்கும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் திருத்தச் சூத்திரத்தைச் சிலர் அப்படியே போடுகிறார்கள். அது அங்குள்ள காற்றில் சரிபார்த்தது. இங்கு, தரமான கருவியொன்றின் பக்கத்தில் உங்கள் அளவியைச் சில வாரங்கள் ஓடவிட்டுத்தான் திருத்தத்தைப் பெற வேண்டும்.

அதற்காக ஈரத்தின் மேல் பழியைப் போட்டு எல்லா எண்ணையும் தள்ளிவிடக் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி இந்தியப் பக்கமிருந்து மாசு வந்து, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். உச்சிப்பொழுதிலும் இறங்காத எண், பல இடத்து அளவிகளும் ஒன்றாகக் காட்டும் எண், காற்றுத் தரத்தைக் கண்காணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்போடு ஒத்துப்போகும் எண் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். நுண்துணிக்கை நுரையீரலின் சிற்றறை வரை இறங்கும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் வழி செய்யும். பொய் எச்சரிக்கையைக் கேட்டுச் சலித்த தெரு, மெய் எச்சரிக்கைக்குக் காது கொடுக்காது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

ஐந்து நிமிட எண்ணை ஒரு நாள் வரம்போடு ஒப்பிடுவது

உலக சுகாதார நிறுவனம் 2021இல் பீ.எம். 2.5க்கு வைத்த 15 மைக்கிரோகிராம், 24 மணி நேரச் சராசரிக்கு. ஆண்டுச் சராசரிக்கு 5. இலங்கையின் சட்ட வரம்பு முறையே 50, 25. எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதாத அறிக்கையை நான் வாசிப்பதில்லை.

துணிக்கை அளவியில் காபனோரொட்சைட்டைத் தேடுவது

காட்டாது. மின்சாரம் போன இரவில் மின்பிறப்பாக்கியை விறாந்தையில் ஓட்டுபவர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலையிடியோடு தூங்கப் போனவர் எழும்பாமலே போகலாம்.

ஓசோனைக் காலையில் அளப்பது

வெயிலில் உருவாகும் வாயு அது. பிற்பகலில் அளக்கவும்.

காற்றின் திசையைக் குறிக்காமல் ஆலையைக் குற்றம் சாட்டுவது

ஆலைகள் உள்ள சீனன்குடா, திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது அங்குள்ள தூசியும் புகையும் நகரின் பக்கம் வரலாம். வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் வராது. வாடை நாளில் எண் கூடினால் உங்கள் தெருவின் டீசல் வாகனங்களையும், பொலித்தீன் எரிக்கும் வளவுகளையும் முதலில் பாருங்கள். டீசல் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டு பிள்ளைகளின் சுவாசக் குழாயை அழற்சியாக்கும். கந்தகமுள்ள எரிபொருளிலிருந்து வரும் கந்தகவீரொட்சைட்டு, தொய்வு உள்ளவரைச் சில நிமிடங்களிலேயே இழுக்க வைக்கும். இவை இரண்டுக்கும் தனி உணரி வேண்டும். ஆலையின் பெயரை எழுதுவதானால் கச்சான் நாட்களின் எண்களையும் வாடை நாட்களின் எண்களையும் தனித்தனியே பிரித்துக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.