ஸ்டாக்ஹோமில் நட்புத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை நிமித்தமாக ஸ்டாக்ஹோமுக்கு வரும் நம்மவர்களில் பலர், முதல் குளிர்காலம் முடிவதற்குள்ளாகவே இந்த ஊர்க்காரர்களுக்கு மனிதர்களையே பிடிக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டைவீட்டார் தலையை லேசாக அசைத்துவிட்டுக் கடந்துபோகிறார். சிலர், படியில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகே கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். இவற்றையெல்லாம் பார்த்து அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே இங்கே மரியாதை. அதே அண்டைவீட்டாரிடம், சாவி தொலைந்துவிட்டது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள்; அரை மணி நேரம் உங்களோடு நின்று, ஆள் வந்து கதவைத் திறந்த பிறகே போவார். மறுநாள் படியில் பழையபடி தலையை மட்டும் அசைப்பார். இரண்டும் ஒரே மனிதர்தான்.

இதற்கு நேர்மாறான தவறொன்றும் உண்டு. 1967-இல் ஸ்வீடனின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைமையேற்ற ப்ரூர் ரெக்செட், தம் ஊழியர்கள் அனைவரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த அந்த வழக்கம் அதன்பின் நாடு முழுவதும் நிலைபெற்றது. இன்று மேலாளர், மருத்துவர், பள்ளி ஆசிரியர் எல்லோருமே பெயர் சொல்லி, ‘நீ’ போட்டுப் பேசுகிறார்கள். ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்கிவருவதையே நெருக்கத்தின் அறிகுறியாகக் கருதிப் பழகிய நமக்கு, முதல் வாரத்திலேயே நண்பர்கள் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். பெயர் சொல்லி அழைப்பவர் உங்கள் திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்வார். தம் வீட்டு விசேஷத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவே தோன்றாது. அதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அலுவலகத்தில் நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, ‘ஃபீக்கா’வைத் தவறவிடுவது. காலையிலும் பிற்பகலிலும் பதினைந்து இருபது நிமிடம் எல்லோரும் எழுந்துபோய்க் காபி குடிப்பதற்கு அந்தப் பெயர். கூடவே ஏலக்காயோ இலவங்கப்பட்டையோ போட்ட பன் ஒன்று இருக்கும். ஏலக்காய் வாசனைக்காகவாவது நாம் முதல் ஆளாகப் போய் நின்றிருக்க வேண்டும். ஆனால் வேலைமீது கொண்ட அக்கறையினாலும், சும்மா உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பழைய பயத்தினாலும், கோப்பையை எடுத்துக்கொண்டு கணினிக்கே திரும்பிவிடுகிறோம். அது கடுமையான உழைப்பாக அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவருக்கு நம்மோடு உட்காரப் பிடிக்கவில்லை என்றுதான் தெரிகிறது. அந்த மேசையில் பேசப்படுவது வானிலை, காளான் பறிப்பு, கோடைக்குடிலின் கூரை ஒழுகல் என்று சாதாரணமாகத்தான் இருக்கும். இடையில் நீண்ட மௌனம் வந்தால் அதை நிரப்ப வேண்டியதில்லை. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர், குறிப்பாக வடக்கு ஸ்வீடன்காரராக இருந்தால், திடீரென்று மூச்சை உள்ளிழுப்பார். மூச்சுத் திணறலோ என்று நான் ஒருமுறை பதறியிருக்கிறேன். அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

நம் ஊரில் இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நினைத்தேன் என்பது அன்பின் அடையாளம். இங்கே அது எதிரில் இருப்பவரைத் திணறடிக்கும். சந்திப்பை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள்; அதையும் தேதியாகச் சொல்லாமல் வார எண்ணாகச் சொல்வார்கள் என்பதால், 41-ஆவது வாரம் என்றால் அக்டோபரில் வரும் என்பதை நாட்காட்டியில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். ஐந்து ஐம்பதுக்கே வந்துவிட்ட விருந்தினர், பனியில் பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு அழைப்புமணியை அழுத்துவது இங்கே வேடிக்கையான காட்சியல்ல. விருந்து முடிந்த பின் அந்த வீட்டாரை அடுத்தமுறை பார்க்கும்போது ‘டாக் ஃபொர் சேனஸ்ட்’, அதாவது அன்றைக்கு அழைத்ததற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தவறினால் யாரும் குறை கூறமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். அதற்கடுத்து அழைக்க வேண்டியது உங்கள் முறை. மறுபடியும் அவர்களே கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் அந்த உறவு அங்கேயே நின்றுவிடும்.

அப்படி அழைக்கும்போது பன்னிரண்டு வகை சமைத்து மேசையை நிறைத்துவிடுவதும் தவறில் சேரும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கே மனம் வரவில்லை. பெரிய உபசாரமும் பெரிய பரிசும் இங்குள்ளவர்களுக்குக் கடன்பட்ட உணர்வைத் தருகின்றன. உணவகத்தில் பில்லை நீங்கள் பிடுங்கிக் கட்டினால் மகிழ்ச்சிக்குப் பதில் சங்கடம்தான் மிஞ்சும். ஸ்விஷ் செயலியில் அவரவர் பங்கை அங்கேயே அனுப்பிவிடுவதில் அவர்களுக்கு நிம்மதி. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எத்தனை குழந்தைகள், ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள் போன்ற கேள்விகளை மூன்றாவது ஆண்டுக்கு ஒத்திவைப்பது உத்தமம்.

இந்த ஊரில் அறிமுகம் நட்பாக மாறுவது பெரும்பாலும் சங்கங்களின் வழியாகத்தான். சேர்ந்திசைக் குழு, காடுகளில் வரைபடம் வைத்து ஓடும் ஓரியன்டீரிங், 1978-இல் இங்கே தொடங்கிய ஃப்ரிஸ்கிஸ் ஓ ஸ்வெட்டிஸ் உடற்பயிற்சி வகுப்புகள், 1912 முதல் இயங்கும் ஏ.பி.எஃப் போன்ற கல்விக் கழகங்களின் மட்பாண்ட வகுப்பு என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தவறு நடப்பது அதற்குப் பிறகுதான். மூன்று வாரம் போனேன், ஒருவரும் பேசவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பருவம் ஜனவரியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தொடங்கும். முதல் பருவத்தில் உங்கள் முகம் பழகும், இரண்டாவதில் யாராவது உங்கள் இருக்கையைப் பிடித்து வைப்பார்கள். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதுதான் இங்கே நட்புக்கு மூலதனம். துணைவரோடு வந்து வேலையில்லாமல் கைக்குழந்தையுடன் வீட்டில் இருப்பவர்களுக்குத் திறந்த மழலையர் பள்ளிகள் உண்டு. கட்டணமும் இல்லை, குழந்தையின் பெயரைப் பதியவும் வேண்டாம். குழந்தையோடு போய்த் தரையில் உட்கார்ந்தால் போதும். அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் விடுப்பில் இருக்கும் அப்பாவாக இருந்தால் வியக்காதீர்கள். ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு உண்டு.

ஸ்வீடிஷ் மொழி கற்பதைத் தள்ளிப்போடுவது மற்றொரு தவறு. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் எட்டுப் பேர் கொண்ட மேசையில் உங்கள் ஒருவருக்காக ஏழு பேர் இரவு முழுவதும் ஆங்கிலத்தில் சிரிக்கமாட்டார்கள். மக்கள் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்களுக்கு எஸ்.எஃப்.ஐ எனப்படும், குடியேறியவர்களுக்கான ஸ்வீடிஷ் மொழி வகுப்பு இலவசம். பல நூலகங்களில் மொழிக் கஃபேக்களும் நடக்கின்றன. கிஸ்டா என்று எழுதி ‘ஷீஸ்தா’ என்று உச்சரிக்கும் ஊரில் வேலைபார்த்துக்கொண்டே, ஐந்து ஆண்டுகளாகக் ‘கிஸ்டா’ என்று சொல்பவர்களை நான் அறிவேன்.

வார இறுதி முழுவதையும் தமிழ்க் குடும்பங்களோடு கழிப்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் முதல் பிப்ரவரியைக் கடந்திருக்கவே மாட்டேன். ஜூலையில் நட்புத் தேடக் கிளம்பாதீர்கள். ஊரே நான்கு வாரம் குடிலுக்குப் போய்விடும். அடுக்ககத்தின் பொதுச் சலவை அறையில் பிறர் முன்பதிவு செய்த நேரத்தில் ஐந்து நிமிடம்கூடக் கை வைக்காதீர்கள். மறுநாள் சுவரில் ஒட்டியிருக்கும் கடுதாசியில் பெயர் இருக்காது, ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று கட்டடத்துக்கே தெரியும்.

என் சொந்தத் தவறு ஒன்று. வந்த முதல் ஜனவரியில், கீழ்வீட்டுப் பெண்மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள், கழுவித் துடைத்த தட்டு ஒரு பையில் என் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. நம் வழக்கப்படி வெறுந்தட்டைத் திருப்பித் தரலாமா என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே ஒரு சீட்டு: மிகவும் நன்றாக இருந்தது, எப்படிச் செய்வது என்று ஒருநாள் சொல்லித் தாருங்கள். அதை வெறும் உபசார வார்த்தை என்று நினைத்துப் பதில் எழுதாமல் விட்டேன். அவரும் அதற்குப்பின் தலையை மட்டும் அசைத்தார்.

பெரும்பாலான குடியிருப்புச் சங்கங்கள் ஆண்டில் இருமுறை துப்புரவு நாள் வைக்கின்றன. வாடகைக்கு இருப்பவர்களும் போகலாம் என்பது தெரியாமல் முதல் ஆண்டு நான் போகவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் போனேன். ஆளுக்கொரு வாரியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் முற்றத்துச் சருகுகளை வாரிக் குவித்த பிறகு, பொசுங்கிய சாஸேஜும் காபியும் தந்தார்கள். பக்கத்தில் வாரிக்கொண்டிருந்தவர் கீழ்வீட்டுப் பெண்மணி. குனிந்த தலையை நிமிர்த்தாமலே, அந்த நெய் போட்ட அரிசிப் பலகாரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். 20-ஆவது வாரத்தில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள், ஒரு கிலோ அரிசி வாங்கி வைத்திருக்கிறேன் என்றார்.