வோட்கா கிம்லெட்: ஐஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

வீட்டில் காக்டெயில் கலக்கப் பழகுகிறவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் வோட்கா கிம்லெட்டில்தான். வோட்கா, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அவ்வளவே. ஆனால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். பழத்தைக் கழுவுங்கள், பாத்திரம் சுத்தமாக இருக்கட்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொன்னாலும் விடாமல் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

ஒருவருக்கான அளவு: வோட்கா 60 மி.லி., அப்போது பிழிந்த சாறு 20 மி.லி., பாகு 20 மி.லி. பாகு என்பது 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தது; ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

ஐஸைக் குறைத்தால் தண்ணீர் குறையும் என்ற நினைப்பு

பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வது இது. "ஐஸ் நிறையப் போட்டால் தண்ணியாகிவிடும்" என்று இரண்டே கட்டியைப் போட்டு, நாலு குலுக்கு குலுக்கி ஊற்றிவிடுகிறார்கள். வருவது வெதுவெதுப்பான, காரமான ஒரு திரவம். உடனே எலுமிச்சை மேல் பழி போட்டு இன்னும் கொஞ்சம் பாகு சேர்க்கிறார்கள். அதோடு அந்தக் கிளாஸ் போயிற்று, 60 மி.லி. வோட்காவும் போயிற்று.

நடப்பது இதுதான். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. நம் ஊர் அறையில் 28, 30 டிகிரியில் இருக்கும் 100 மி.லி. கலவையை 0 டிகிரிக்கு இறக்கவே கிட்டத்தட்ட 30 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். வீட்டு ட்ரேயின் சின்னக் கட்டிகள் இரண்டு அதற்குள் முழுசாகக் கரைந்துவிடும். மேற்கொண்டு குளிர்விக்க ஷேக்கரில், அதாவது மூடிக் குலுக்கும் குவளையில், எதுவும் மிஞ்சாது. தண்ணீர் மட்டும் சேர்ந்து, குளிர்ச்சி சேராமல் போவது இப்படித்தான். ஷேக்கரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் இருந்தால் கதையே வேறு. ஃபிரீசரிலிருந்து வந்த கட்டி மைனஸ் 18 டிகிரியில் இருப்பதால், உருகும் முன்பே கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆல்கஹால் கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது என்பதால், பானம் அதற்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி பக்கம் வரை இறங்கும்.

அந்தத் தண்ணீரும் பானத்துக்குத் தேவையான ஒரு பொருள்தான். 100 மி.லி. உள்ளே போனால் 125 முதல் 135 மி.லி. வெளியே வர வேண்டும். முதல் சில தடவை அளவுக் குவளையில் வடிகட்டிப் பாருங்கள். 115-க்குக் கீழே வந்தால் குலுக்கியது போதாது. 145-ஐத் தாண்டினால் உங்கள் ஐஸ் ஏற்கெனவே நனைந்திருந்தது.

நனைந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது? ட்ரேயை முதலில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு, பிறகு பழத்தை நறுக்கி, சாறு பிழிந்து, பாகைத் தேடுவதால்தான். கட்டி பளபளவென்று மின்னத் தொடங்கினால் அதன் மேல் தண்ணீர் படிந்துவிட்டது என்று அர்த்தம்; புகை படிந்தாற்போல் வெளுத்து, கையில் ஒட்டினால் நல்ல ஐஸ். எல்லாவற்றையும் அளந்து ஊற்றிய பிறகே ஃபிரீசரைத் திறங்கள். ஷேக்கரை மூடி, 12 முதல் 15 விநாடி, தோள் வலிக்கும்படி குலுக்குங்கள். எவர்சில்வர் ஷேக்கரின் வெளியே வெண்பனி படிந்து பிடிக்க முடியாமல் போனால் நிறுத்தலாம். இரண்டாவது ரவுண்டுக்கு அதே ஐஸைத் திரும்பப் போட வேண்டாம்.

வோட்காவை ஃபிரீசரில் வைத்துவிட்டுக் குலுக்குவது

இது எதிர்ப்பக்கத் தவறு. 40 சதவீத வோட்கா வீட்டு ஃபிரீசரில் உறையாது, கெட்டியாக வழியும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதால் ஐஸ் அதிகம் உருகாது, தண்ணீர் போதுமான அளவு சேராது, தொண்டை எரியும். அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கலவையில் 15 மி.லி. குளிர்ந்த நீரைச் சேர்த்துக் குலுக்குங்கள்.

கார்டியலையும் சாற்றையும் ஒன்றாக நினைப்பது

பழைய குறிப்புகளில் ஜின்னோ வோட்காவோ பாதி, லைம் பாதி என்றிருக்கும். அந்த லைம், கார்டியல்: 1867-இல் ஸ்காட்லாந்தின் லாக்லன் ரோஸ் காப்புரிமை பெற்ற, சர்க்கரையால் பதப்படுத்திய சாறு. அதைப் படித்துவிட்டுப் பாதிக்குப் பாதி பச்சைச் சாறு ஊற்றினால் பல் கூசும். கடையில் வாங்கிய கார்டியலோடு பாகும் சேர்த்தால் சர்பத் ஆகிவிடும். கார்டியல் 30 மி.லி. ஊற்றினால் சாறும் பாகும் தேவையில்லை. மந்தமாகத் தோன்றினால் புதுச்சாறு 5 மி.லி. சேர்த்தால் போதும்.

பழத்தை ஒட்டப் பிழிவது

அமெரிக்க பார்களில் பார்க்கும் பெரிய, விதையில்லாத பச்சை லைம் வேறு. நம் சந்தையின் மெல்லிய தோல் எலுமிச்சை சிறியது, விதை அதிகம், புளிப்பும் தூக்கல். கடைசிச் சொட்டுக்காக நசுக்கினால் தோலும் விதையும் கசப்பை விடும். ஒரு பழத்தில் 15 மி.லி. வந்தால் போதும் என்று அடுத்த பழத்தை எடுங்கள். காலையில் பிழிந்து வைத்த சாறு ராத்திரிக்கு மங்கிப்போகும்.

பாட்டில் மூடியால் அளப்பது

வேண்டாம். மருந்துக் குப்பியோடு வரும் 10 மி.லி. மூடியை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையை நேரடியாகப் போடுவது

கரையாது. கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும்.

ஷேக்கரில் சோடா

மூடி தெறிக்கும்.

பெரிய டம்ளர்

130 மி.லி. பானம் 300 மி.லி. டம்ளரின் அடியில் கிடந்து சூடாகும். சின்னக் கிளாஸைப் பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்து, ஐஸ் இல்லாமல் வடிகட்டி ஊற்றுங்கள். இந்தக் கிளாஸில் இருப்பது ஒரு லார்ஜ். குளிரும் இனிப்பும் அதை மறைத்துவிடுவதால், விருந்தாளிக்குக் கொடுக்கும்போதே அளவைச் சொல்லிவிடுங்கள், வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.