முழங்கால் தசைநாண் ஆபரேஷன்: கத்தியை எடுப்பதற்கு முன் நடக்கும் தவறுகள்

இரண்டு மாதம் முன்பு ஒரு இளம் டாக்டர் என்னிடம் கேஸ் ஷீட்டை நீட்டினார். 19 வயது வாலிபால் வீரன். முழங்கால் சில்லுக்குக் கீழே, அதைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாணில் ஒன்றரை வருடமாக வலி. கடைசி வரி: 'பிசியோவில் பலனில்லை, ஆபரேஷன் செய்யலாம்.' இதே வரியை நானும் ஒரு காலத்தில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தொற்று, ரத்தக்கட்டு பற்றியெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

'பிசியோ செய்தாச்சு' என்பதை அப்படியே நம்புவது

பையனையே கேட்டேன். "என்ன பயிற்சி செஞ்சே தம்பி?"

"ஒத்தடம் குடுத்தாங்க சார். அப்புறம் இதைக் கட்டிக் காலை நீட்டச் சொன்னாங்க."

பையிலிருந்து மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். ஒற்றை விரலால் இழுத்தாலே நீண்டது. "எத்தனை கிலோ தூக்கினே?" என்றேன். "கிலோவா சார்?" என்று விழித்தான். குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் தாங்க வேண்டிய தசைநாண் அது. ஒன்றரை வருடத்தில் அதற்குக் கிடைத்த பயிற்சி அந்தப் பட்டை மட்டும்தான்.

நாள்பட்ட வலி என்றால் அங்கே இருப்பது வெறும் வீக்கம் இல்லை. தசைநாணுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் வரிசை குலைந்து, நடுவே புதிய சிறு ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் தசைநாணின் தாங்கும் திறன் கூடாது. அது கூட வேண்டுமென்றால் பாரம் ஏற்ற வேண்டும்: வாரம் மூன்று நாள், மெதுவாக, 15 முறை தூக்க முடிகிற எடையில் தொடங்கி 6 முறைக்கு மேல் முடியாத எடை வரை, குறைந்தது 12 வாரம். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி வந்தாலும், மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம்.

2006-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று 40 முழங்கால்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு 25 டிகிரி சரிவுப் பலகையில் நின்று மெதுவாக இறங்கும் பயிற்சி. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் முன்னேற்றத்தில் வித்தியாசம் இல்லை. பயிற்சி எடுத்தவர்களில் சிலருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டதும் உண்மைதான். ஆனால் கத்திக்கு முன்னால் பயிற்சிக்கு ஒரு முழு வாய்ப்புத் தர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் அந்த வாய்ப்பைத் தராமல் ஒரு கூடைப்பந்து வீரருக்கு ஆபரேஷன் செய்தேன். கெட்ட திசுவை நன்றாகவே நீக்கினேன், தையலும் அழகாக ஆறியது. எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு தொடை மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. அப்புறம்தான் எடைப் பயிற்சி தொடங்கினோம், வலியும் குறைந்தது. முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்ததால் அவர் இரண்டு சீசனை இழந்தார். அதனால் ஷீட்டில் 'பலனில்லை' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எத்தனை கிலோ, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை வாரம் என்று எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் பயிற்சி நடக்கவே இல்லை என்று பொருள்.

அந்தப் பையன் இப்போது எட்டாவது வாரத்தில் இருக்கிறான். ஆபரேஷன் வேண்டுமா என்பதை 12 வாரம் முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்கேனுக்கு வைத்தியம் பார்ப்பது

வலியே இல்லாத வீரர்களின் ஸ்கேனிலும் தசைநாண் மாற்றம் தெரியும். முதலில் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். சில்லின் கீழ் முனையில் ஒரே விரலை வைத்துக் காட்டினால், ஒற்றைக்காலில் சரிவுப் பலகையில் இறங்கும்போது அதே இடம் வலித்தால், வலி தசைநாணில்தான். முழங்கால் முழுக்கக் கையால் தடவிக் காட்டினால் சில்லுக்குக் கீழே தசைநாணின் பின்னால் இருக்கும் கொழுப்புத் திண்டையும் சில்லின் மூட்டையும் பாருங்கள்.

தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி

வேண்டாம். சில வாரம் வலி குறையும், அப்புறம் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

தேவைக்கு மேல் வெட்டுவது

கெட்டுப்போன பகுதி பெரும்பாலும் சில்லின் கீழ் முனையை ஒட்டி, தசைநாணின் பின்பக்கம்தான் இருக்கும். சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபியோ திறந்த ஆபரேஷனோ, அதை மட்டும் எடுத்தால் போதும், நல்ல இழைகளைத் தொடாதீர்கள். திறந்து செய்தால் தோல் நரம்பு பாதித்து முன்பக்கம் மரத்துப்போகலாம், மண்டியிட்டால் உறுத்தலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வலி போனதும் ஆட அனுப்புவது

ஆபரேஷனுக்குப் பிறகு தசைநாணைத் தேற்றுவதும் அதே எடைப் பயிற்சிதான், மாதக்கணக்கில் ஆகும். இரண்டு தொடையின் பலமும் கிட்டத்தட்ட சமமாகி, ஒற்றைக்காலில் திரும்பத் திரும்பக் குதித்த மறுநாள் காலையிலும் முழங்கால் அமைதியாக இருந்தால், அப்போது அனுப்புங்கள்.