போட்டின் அடியில் அடிக்கும் பெயிண்ட்: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஃபைபர் வள்ளத்தின் அடியில் முதன்முதலாகச் செம்பு கலந்த பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து நின்று பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னல, மண்ணுக்கா பெயிண்ட் அடிக்கே?"

அவர் கேட்டது சரி. எங்கள் திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, பெருமணல் பக்கமெல்லாம் வள்ளங்கள் தொழில் முடிந்ததும் பெரும்பாலும் மணலுக்கு ஏறிவிடும். தினமும் இழுத்த இழுப்பில் கொஞ்ச நாளிலேயே அந்தச் சிவப்புப் பெயிண்ட் முழுக்கக் கரையோடு போய்விட்டது. அதைவிட, அடியில் கடல் உயிர்கள் ஒட்டாமல் தடுக்கிற அந்தப் பெயிண்டுக்கு அங்கே வேலையே இல்லை. கடலில் போட்ட எதன் மேலும் சில மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு படியும். அப்புறம் பாசி, அப்புறம் கொட்டலசு என்கிற ஓட்டுப் பிராணி (barnacle). இவை வேர்பிடித்து வளர, தண்ணீருக்குள்ளேயே தொடர்ந்து கிடக்க வேண்டும். தினமும் வெயிலில் காய்கிற அடிப்பாகத்தில் அந்தப் பாடு பலிக்காது. ஆக, தேவையில்லாத போட்டுக்கு அடிப்பதுதான் முதல் தவறு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் மாதக்கணக்காக மிதந்தபடியே நிற்கிற விசைப்படகுகளின் கதை வேறு. இனிச் சொல்வதெல்லாம் அந்த மாதிரிப் படகுகளுக்கு.

கொட்டலசைச் சிப்பி வகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். குஞ்சாக மிதந்து வந்து, தலைப்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓடு கட்டி, மிச்ச ஆயுள் முழுக்கக் காலால் இரையை அள்ளித் தின்னும் பிராணி. ஒட்டியபின் அதைப் பெயர்ப்பது பெரும்பாடு. ஒட்டவிடாமல் செய்வதுதான் பெயிண்டின் வேலை. படகின் அடி சொரசொரப்பானால் வேகம் குறையும், அதே தூரத்துக்கு டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

இந்தப் பெயிண்டைச் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி நினைப்பதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. சுவர்ப் பெயிண்ட் கரையாமல் இருந்தால் நல்ல பெயிண்ட். இது கரைந்தால்தான் நல்ல பெயிண்ட். இதில் உள்ள செம்பு ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீரில் கரைந்து, பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய நச்சுப் படலமாக நிற்கிறது. ஒட்ட வரும் குஞ்சுக்கு அது ஆகாது. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர், இங்கிலாந்துக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகடு அரிப்பதைத் தடுக்க அதோடு இரும்புத் துண்டுகளை இணைத்தார். அரிப்பு நின்றது. ஆனால் கரைவதும் நின்றுபோனதால், கப்பலின் அடியில் கொட்டலசு மொய்த்துவிட்டது! எனவே, "பெயிண்ட் தேயுது, மட்டமான சரக்கு" என்று உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

டப்பாவைத் திறந்ததும் மேலாக அள்ளி அடிப்பது அடுத்த தவறு. செம்பு ஆக்சைடு நல்ல கனம், அடியில் போய்த் தங்கிவிடும். மேலே இருப்பது பெரும்பாலும் வெறும் பிசின். அடிவரை கட்டை விட்டு நன்றாகக் கிண்ட வேண்டும். டப்பா தீரும் தறுவாயில் தின்னரை ஊற்றி இழுத்தடிப்பதும் வேண்டாம். கரைவதற்குச் சரக்கு இருந்தால்தானே அது நாள்பட நிற்கும்? அணியம் (படகின் முன்பக்கம்), சுக்கான், நீர்மட்டக் கோடு போன்ற இடங்களில் தண்ணீர் அதிகம் உரசும். அங்கே ஒரு பூச்சு கூடுதலாகப் போட வேண்டும்.

நான் அதிகம் பார்த்த தவறு நாள் பார்ப்பதில். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றியதும் ஆள் சும்மா இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே எல்லாப் பூச்சையும் முடித்துவிடுகிறார்கள். அப்புறம் படகு மாதக்கணக்கில் சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும். செம்பு மட்டும் கரைந்து, பிசின் கெட்டியாக நிற்கிற பழைய வகைப் பெயிண்ட் இப்படிக் காற்றில் கிடந்தால் மேல்பரப்பு மாறி, வீரியம் குறைந்துவிடும். தானாகத் தேய்ந்து புதுப்பித்துக்கொள்ளும் வகை ஓரளவு தாங்கும். சுரண்டுவது, ஓட்டை அடைப்பது, பிரைமர் (அடிப்பூச்சு) எல்லாவற்றையும் முதலில் முடித்து, கடைசிப் பூச்சைப் படகை இறக்குவதற்குச் சில நாள் முன்பு வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஈரம் காயுமுன் இறக்கிவிடவும் கூடாது. எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும்.

புது ஃபைபர் போட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அச்சிலிருந்து எளிதாக எடுக்கப் பூசிய மெழுகு அதன் மேல் இருக்கும். அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு இன்னும் உள்ளே ஏறும், பெயிண்ட் தோல் தோலாக உரியும். முதலில் கரைப்பான் போட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் தேய்க்க வேண்டும். பழைய படகில், கொட்டலசின் ஓட்டைத் தட்டினாலும் வட்டமாக அதன் அடித்தகடு தங்கிவிடும். அதன் மேல் அடித்தால் தகடு பெயரும்போது பெயிண்டும் சேர்ந்து வரும்.

மிச்சம் இருக்கிறதே என்று செம்புப் பெயிண்டை, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் காலிலும் தடவிவிடுகிறோம். அது அலுமினியம். உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிபடும். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலுக்குச் செம்புத் தகடு அடித்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே காகிதம் சிக்கியிருந்த இடத்தில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. இரும்பு உடம்புள்ள படகுக்கு அந்தக் காகிதத்தின் வேலையைச் செய்வது எபாக்சி பிரைமர். அதை விடவே கூடாது. அலுமினியத்துக்குச் செம்பில்லாத பெயிண்ட்தான் நல்லது. அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே கட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியின் மேல் எந்தப் பெயிண்டும் படக் கூடாது. ஆழம் பார்க்கும் எக்கோ கருவியின் அடிமுகத்துக்கென்று தனிப் பெயிண்ட் விற்கிறார்கள்.

பழைய பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்த்து, அந்தத் தூசியை மூச்சோடு இழுப்பதும் நடக்கிறது. ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். சுரண்டியதைக் கடலில் தள்ளாதீர்கள். முன்பு பெயிண்டில் சேர்த்த வெள்ளீயச் சேர்மம் ஒன்று, துறைமுகங்களை ஒட்டி வாழ்ந்த பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்கவைத்து, குஞ்சு பொரிக்க முடியாமல் ஆக்கியது. 2008-ல் அது உலக அளவில் தடையானது. சங்கும் ஒரு கடல் நத்தைதான், சங்கு குளிக்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். படகுக்கு அடியில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்துவிட்டுச் சுரண்டினால் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி எடுத்துவிடலாம்.